டாக்டரம்மா வருவதற்குள்

குதிரை வைத்திருப்பவர்கள் ஒரு லாயத்தில் என்னென்ன எதிர்பார்ப்பார்கள் என்று யாராவது கேட்டால் போதும், மேஸ்திரி மூச்சு விடாமல் அரை மணி நேரம் பேசுவாள். வேளைக்குத் தீனி, படுக்க உலர்ந்த வைக்கோல், ஆறு வாரத்துக்கு ஒருமுறை புது லாடம், போட்டிக்குப் போகும் காலையில் பிடரி மயிரை வரிசையாகப் பின்னிவிடுவது. இதெல்லாம் எல்லாருக்கும் பொது. இதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் ஒரு கிறுக்கு உண்டு. மூன்றாம் கொட்டடிக் குதிரையின் சொந்தக்காரர் துணிக்கடை முதலாளி. அவருக்கு தினமும் மாலை ஆறு மணிக்குக் கைபேசியில் ஒரு படம் வந்தாக வேண்டும். படத்தில் குதிரையின் இரண்டு காதும் நிமிர்ந்து நிற்க வேண்டும். காது தொங்கினால் குதிரை மனசொடிந்து கிடக்கிறது என்று அவர் தூங்க மாட்டார், மற்றவர்களையும் தூங்க விடமாட்டார். அதனால் ஒருவர் படம் எடுக்க, இன்னொருவர் பின்னால் நின்று தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவார். ஐந்தாம் கொட்டடி வக்கீலம்மாவுக்குத் தன் குதிரை பக்கத்துக் குதிரையோடு பழகிக் கெட்டுப்போகிறது என்று சந்தேகம். நடுவில் பலகை அடித்து மறைத்த பிறகுதான் அந்த அம்மாள் சிரித்த முகத்தோடு வீட்டுக்குப் போனார்.

அது போட்டிக் குதிரைகளுக்கான லாயம். வேலையும் வசதியும் உள்ளவர்கள் தங்கள் குதிரையை அங்கே விட்டு வைப்பார்கள். தீனி போடுவது, பழக்குவது, லாரியில் ஏற்றிப் போட்டிக்குக் கொண்டுபோவது எல்லாம் லாயத்தின் பொறுப்பு. சொந்தக்காரர்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்து ஏறி ஓட்டிவிட்டு, ஒரு கேரட்டை நீட்டிவிட்டுப் போவார்கள். லாயம் மேஸ்திரியின் அக்கா புருஷனுடையது. மாமாவுக்கு வாய் இருந்த அளவுக்கு இடுப்பில் பலம் இல்லை. அவர் குதிரை ஏறிப் பல வருஷம் ஆயிற்று. பழக்குகிற வேலை முழுக்க மேஸ்திரியின் தலையில். பூட்சும் வாளியுமாக எல்லாரையும் அதட்டிக்கொண்டு திரிந்ததால் மாமா விளையாட்டாக வைத்த பெயர் அது. கட்டிய புருஷன்கூட இப்போது அப்படித்தான் கூப்பிட்டான்.

அந்தப் புருஷன் ஏழு மணி நேர பஸ் பயணத் தூரத்தில், ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறி, ஞாயிறு அவனோடு இருந்துவிட்டு, திங்கள் மாலை திரும்பிவிடுவாள். கல்யாணமான இரண்டு வருஷமாக இதே கதை. "வாரத்துக்கு ஒண்ணரை நாள் பொண்டாட்டி"என்று அவன் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிப்பான். சிரிப்பு வரவரக் குறைந்துகொண்டு வந்தது.

இப்போது அவள் அவனோடு போய்ச் சேர முடியாததற்குக் காரணம் ஒன்றாம் கொட்டடியில் நின்றது. ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான கறுப்புக் குதிரை. அதற்கு எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியிருந்ததால் லாயத்தில் அதை மாப்பிள்ளை என்றே சொன்னார்கள். சொந்தக்காரர் பல் டாக்டர், ஐம்பத்திரண்டு வயசு. வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர்களிடம் முப்பது வருஷம் பேசிப் பழகியவர். பதில் வராத பேச்சு அவருக்குக் கைவந்த கலை. நல்ல மனுஷி. மேஸ்திரியைக் காணும்போதெல்லாம் "சாப்பிட்டியாம்மா?"என்று கேட்கிற ஒரே சொந்தக்காரர் அவர்தான்.

மாப்பிள்ளை வந்த முதல் வாரமே டாக்டரம்மாவைத் தூக்கி எறிந்துவிட்டது. கெட்ட குதிரை இல்லை. உடம்பு முழுக்கத் தெம்பு. காலையில் கொட்டடியிலிருந்து வந்ததும் அதை எங்காவது இறக்கி வைக்க வேண்டும் அதற்கு. இறக்கி வைத்தது டாக்டரம்மாவை. வலது மணிக்கட்டு முறிந்தது. பல் பிடுங்குகிற கை. ஆறு வாரம் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அவர் குதிரையை வேறு லாயத்துக்குக் கொண்டுபோனால் அவர் பின்னாலேயே நாலு பேர் போய்விடுவார்கள் என்று மாமா கணக்குப் போட்டு மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"அந்தம்மா வர்றதுக்கு முன்னாடி நீ ஒரு இருபது நிமிஷம் ஏறி அதோட திமிரை இறக்கி வெச்சுடு. சொல்ல வேண்டாம். சொன்னா மனசு கஷ்டப்படுவாங்க. கொஞ்ச நாளைக்குத்தானே"என்றார்.

கொஞ்ச நாள் பதினாலு மாசம் ஆயிற்று.

டாக்டரம்மா செவ்வாய், வியாழன், சனி காலை ஏழு மணிக்கு வருவார். மேஸ்திரி அதற்கு முன்பே ஏறி, நடை, ஓட்டம், பாய்ச்சல் என்று ஒரு சுற்று முடித்துவிடுவாள். பிறகுதான் உண்மையான வேலை. சேணம் இருந்த இடத்தில் முதுகில் வியர்வைத் தடம் அச்சடித்தது மாதிரி இருக்கும். வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்து, உலர்ந்த துண்டால் தேய்க்க வேண்டும். ஓடி முடித்த குதிரைக்குத் தோல் மேல் நரம்பு புடைத்து நிற்கும். அது அடங்கும்வரை கயிற்றைப் பிடித்து நடத்த வேண்டும். ஈரமான சேணத்தை மறைத்து வைத்துவிட்டு வேறு சேணம் எடுக்க வேண்டும். கடிவாளத்து இரும்பைக் கழுவித் துடைக்க வேண்டும். கடைசியாக, மைதானத்து மணலில் பதிந்திருக்கும் குளம்புத் தடங்களைப் பரம்புக் கட்டையால் இழுத்து மறைக்க வேண்டும். திருடன்கூட இத்தனை சிரத்தையாகத் தடத்தை அழிக்க மாட்டான். டாக்டரம்மா போக்குவரத்தில் மாட்டி அரை மணி நேரம் தாமதமானால் மாப்பிள்ளைக்குத் திரும்பவும் தெம்பு ஊறிவிடும்; மறுபடி ஏற வேண்டும். பத்து நிமிடம் முன்னதாக வந்துவிட்டால் மாமா வாசலிலேயே மடக்கிப் பேச்சுக் கொடுப்பார். அந்த ஒன்றில் மட்டும் அவர் குறையே வைத்ததில்லை.

டாக்டரம்மா ஏறுவார். மாப்பிள்ளை பூனைக்குட்டி மாதிரி போகும். இறங்கியதும் அதன் கழுத்தைத் தட்டிக்கொண்டு, இருக்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "நான் இவன்கிட்ட பேசறேன். அவ்வளவுதான். விழுந்த அன்னைக்கே முடிவு பண்ணினேன், இவன் நம்பிக்கையை வாங்கிக் காட்டறதுன்னு."

மேஸ்திரி சேணத்தைத் தூக்கிக்கொண்டு தலையாட்டுவாள். முதல் மாசம் சிரிப்பு வந்தது. மூன்றாம் மாசம் பாவமாக இருந்தது. அதற்கப்புறம் பயம்தான். தான் ஒரு நாள் வராவிட்டால் இந்த அம்மாள் கழுத்து முறிந்து செத்துப்போவார் என்ற பயம். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு ஏறியிருக்கிறாள். மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்த செவ்வாய்க்கிழமை அவள் ஆஸ்பத்திரியில் இல்லை, மாப்பிள்ளை மேல் இருந்தாள். அக்காவிடம் ஒருமுறை அழுதாள். "ஏண்டி, உன்னை விட்டா யாருடி அதுல உக்கார முடியும்? வேற ஆளை வெச்சா அவன் வெளியில சொல்லிடுவான்"என்றாள் அக்கா. சொந்த அக்கா.

இதில் யாரும் யோசிக்காத ஒன்று இருந்தது. மாமா யோசிக்காதது ஆச்சரியமில்லை. மேஸ்திரி யோசித்திருக்க வேண்டும். ஒரு குதிரையைக் களைப்பாக்க வேண்டும் என்று விடாமல் ஓட்டினால் அது என்ன ஆகும்? பயில்வான் ஆகும். இருபது நிமிடத்தில் அடங்கிய மாப்பிள்ளைக்கு நாலாம் மாசம் நாற்பது நிமிடம் தேவைப்பட்டது. இப்போது எழுபத்தைந்து. எவ்வளவு ஓட்டினாளோ அவ்வளவு நெஞ்சு விரிந்தது, தொடை திரண்டது. தெம்பைக் குறைக்கத்தான் ஏறினாள். பதினாலு மாசமாகத் தன் கையாலேயே அதை ஊட்டி வளர்த்துவிட்டிருந்தாள். ஓட்டுவதை நிறுத்தித் தீனியைக் குறைத்து ஒரு மாசம் கட்டிப் போட்டால் குதிரை சாதுவாகும். ஆனால் வாரம் மூன்று நாள் பளபளவென்று குதிரை வேண்டும் என்கிற டாக்டரம்மாவிடம் எதைச் சொல்லிக் கட்டிப் போடுவது?

அந்த மாசம்தான் துறைமுகத்தில் புருஷனுக்குக் குடும்பத்தோடு தங்கும் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. இரண்டு அறை, சமையலறை ஜன்னலைத் திறந்தால் கப்பல். பத்தாம் தேதி காலை இருவரும் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும், அப்புறம் மூன்று வருஷம் வாயைத் திறக்க முடியாது.

"வந்துடுவேன். சத்தியமா. அதோட இங்க முடிஞ்சுது"என்றாள் மேஸ்திரி தொலைபேசியில்.

"அங்க ஒரு மாப்பிள்ளை, இங்க ஒரு மாப்பிள்ளை. எவன் ஒழுங்கா தீனி தின்னுட்டு நிக்கறான்னு பாத்து முடிவு பண்ணு"என்றான் அவன். குரலில் விளையாட்டு பாதிதான் இருந்தது.

அதே வாரம் டாக்டரம்மா குண்டைத் தூக்கிப் போட்டார். ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை நடக்கும் பெரிய போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டாராம். நடை, ஓட்டம், நிற்பது, திரும்புவது எல்லாவற்றுக்கும் நடுவர்கள் மதிப்பெண் போடும் போட்டி. முதல் ஆறு பேர் மறுநாள், பத்தாம் தேதி சனிக்கிழமை, இறுதிச் சுற்றுக்குப் போவார்கள். "அவனும் நானும் தயார்"என்றார். மாமா வாயெல்லாம் பல்லாக வாழ்த்துச் சொன்னார்.

விதிமுறைத் தாள் திங்கட்கிழமை வந்தது. மாலை பஸ்ஸிலிருந்து வந்து இறங்கிய மேஸ்திரி அதைத் தீனி அறையில் நின்றபடியே படித்தாள். போட்டிக்கு முந்தின நாள் காலையிலிருந்து, பெயர் கொடுத்தவரைத் தவிர வேறு யாரும் அந்தக் குதிரைமேல் ஏறக் கூடாது. மைதானத்தில் ஆள் போட்டுக் கவனிப்பார்கள். ஏறினால் தகுதி நீக்கம்.

தாளை மாமாவிடம் காட்டினாள்.

"கயித்தைக் கட்டி வட்டமா சுத்த விடு. ஏறக் கூடாதுன்னுதானே போட்டிருக்கான்?"

"மாமா, அதுக்கு எழுபத்தஞ்சு நிமிஷம் மேல உக்காந்து வேலை வாங்கினாலே பத்தலை. கயித்துல விட்டா இன்னும் உற்சாகமாத்தான் ஆகும். அந்தம்மா ஏறின அடுத்த நிமிஷம் தரையில கிடப்பாங்க."

"எல்லாம் கூட்டத்தைப் பாத்தா அடங்கிடும்"என்றார் மாமா. கூட்டத்தைப் பார்த்து அடங்கிய குதிரையை அவரும் பார்த்ததில்லை, அவளும் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மேஸ்திரி வழக்கம்போல ஏறினாள். எழுபத்தைந்து நிமிடம் ஓட்டினாள். ஆனால் இறங்கவில்லை. வெந்நீர் வைக்கவில்லை, துண்டு எடுக்கவில்லை. மைதானத்து மணல் உழுத வயல் மாதிரி கிடந்தது. மாமா வாசலிலிருந்து கையை ஆட்டிச் சைகை காட்டிக்கொண்டே இருந்தார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஏழு மணிக்கு டாக்டரம்மா கையில் கேரட்டோடு உள்ளே வந்தபோது, மாப்பிள்ளை நுரை தள்ளிக்கொண்டு நின்றது, அதன்மேல் மேஸ்திரி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. "என்னம்மா, இவனுக்கு உடம்பு சரியில்லையா?"

மேஸ்திரி இறங்கினாள். சேணத்தை அவிழ்த்தாள். முதுகில் ஈரத் தடம் அச்சாக இருந்தது.

"தினமும் இப்படித்தான் டாக்டரம்மா. நீங்க வர்றதுக்குள்ள துடைச்சிடுவேன்."

"தினமும்னா?"

"நீங்க வர்ற ஒவ்வொரு நாளும். கட்டுப் பிரிச்சு வந்தீங்களே, அன்னையிலிருந்து."

டாக்டரம்மா அந்த ஈரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுத்துப் பார்த்தார். பிறகு கேரட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போய்க் காரில் உட்கார்ந்துகொண்டார்.

மேஸ்திரிக்கு அழுகை வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. இந்த அம்மாள் இப்போது குதிரையை ஓட்டிக்கொண்டு போய்விடுவார், மாமா தன்னைத் திட்டி அனுப்பிவிடுவார், மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிடலாம். ஜன்னலைத் திறந்தால் கப்பல். ஒரு மனுஷியின் மனசை உடைத்துவிட்டு இப்படிச் சந்தோஷப்படுகிறோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அதுவும் சந்தோஷத்தைக் குறைக்கவில்லை.

இருபது நிமிடம் கழித்து டாக்டரம்மா திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது.

"பதினாலு மாசமா நான் எந்திரிக்கறதுக்கு முன்னாடி நீ எந்திரிச்சிருக்கே, எனக்காக. நான் உன்னைத் திட்டினா எனக்கு அடுக்காதும்மா. போட்டிக்காரங்ககிட்ட பேசிட்டேன். புதன்கிழமை வரைக்கும் பேர் மாத்தலாமாம். உன் பேரைக் கொடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"நீ ஏறு. நான் வெளியில நின்னு பாக்கறேன். இவனை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது நீதான்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

மேஸ்திரி அவசரமாகக் குறுக்கிட்டாள். பத்தாம் தேதியைச் சொன்னாள், குவார்ட்டர்ஸைச் சொன்னாள், கையெழுத்தைச் சொன்னாள். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை ஒரு சுத்துதானே? மூணு மணிக்கெல்லாம் முடிஞ்சிடும். சாயங்கால பஸ்ஸுக்கு நானே கொண்டுவந்து விடறேன். ஆறு பேருக்குள்ள வந்தாதானே சனிக்கிழமை? முதல் தடவையே யாருக்கு வருது அதெல்லாம்?"

திட்டியிருந்தால் தப்பித்திருக்கலாம். கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கி நிற்பவரிடம் என்ன சொல்வது? சரி என்றாள்.

மாமா பிழைக்கத் தெரிந்தவர். காலையில் வெளிறிப்போய் நின்றவர், மாலைக்குள் தெளிந்துவிட்டார். மறுநாள் லாயத்து வாசல் பலகையில் புது வரி ஒன்று ஏறியிருந்தது: சொந்தக்காரர்கள் வருவதற்கு முன் குதிரையைப் பழக்கிப் பதமாக நிறுத்திக் கொடுக்கப்படும். துணிக்கடை முதலாளி தன் குதிரைக்கும் அப்படியே வேண்டும் என்றார். வக்கீலம்மா, பக்கத்துக் குதிரைக்குச் செய்வதற்கு முன்னால் தன் குதிரைக்குச் செய்ய வேண்டும் என்றார். வியாழனுக்குள் நாலு பேர். "உன் ஒருத்தியால எனக்கு எவ்வளவு நல்ல பேரு வந்திருக்கு பாரும்மா"என்றார் மாமா, நிஜமான வாஞ்சையோடு. அவள் போகப் போகிறவள் என்பதை அவரிடம் மூன்று முறை சொல்லியிருந்தாள். மூன்று முறையும் "அதுக்கென்ன, பாத்துக்கலாம்"என்றிருந்தார்.

வியாழக்கிழமை மாலை போட்டி மைதானத்திலிருந்து புருஷனைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு வேணும்னே கெடுத்துடப் போறேன்."

"கெடுக்கத் தெரியுமா உனக்கு?"

"என்ன பெரிய வித்தை? பாய்ச்சல்ல போறப்ப ஒரு மூலையில உள்பக்கக் கயித்தை ஒரு தடவை வெடுக்குனு இழுத்தா போதும். தடுமாறும். மார்க்கு போயிடும். பன்னெண்டாவதோ பதினஞ்சாவதோ வருவேன். நாலு மணி பஸ்."

"நான் வரேன். லீவு போட்டுட்டேன். பையை எடுத்து வெச்சுக்கோ, சேர்ந்தே போயிடலாம்"என்றான். அவன் குரலில் அன்றைக்குத்தான் பழைய சிரிப்பு முழுசாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அவள் பெயரில் ஏறியதால் ஒளிக்க ஒன்றும் இல்லை. எல்லார் கண்ணெதிரிலும் எழுபத்தைந்து நிமிடம் மாப்பிள்ளையைத் தயார் செய்தாள். வியர்வைத் தடத்தை யாரும் துடைக்கச் சொல்லவில்லை. புருஷன் வேலியோரம் நின்றிருந்தான், தோளில் அவள் பை. அவள் குதிரை ஏறி அவன் பார்த்ததே இல்லை. டாக்டரம்மா அவன் பக்கத்தில் நின்று ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அவனுக்கும் பல் டாக்டரிடம் வாயைப் பிளந்து கேட்கிற கதிதான்.

மணி அடித்தது. உள்ளே போனாள். நடு மைதானத்தில் நிறுத்தி வணக்கம் வைத்தாள். முதல் மூலையில் இழுத்துவிடலாம் என்று நினைத்திருந்தாள். முதல் மூலை வந்தது. மாப்பிள்ளையின் முதுகு அவளுக்குக் கீழே உருண்டு எழுந்தது, அவள் விரலில் ஒரு நூலிழைச் சுமைகூட இல்லை. நினைத்தாள், அது திரும்பியது. சரி, அடுத்த மூலை. அடுத்த மூலையில் பாய்ச்சலுக்கு மாறும்போது அதன் மூச்சும் அவள் மூச்சும் ஒரே தாளத்தில் விழுந்தன. மூன்றாவது மூலை. கையை இறுக்கினாள். இழுக்க வேண்டும், இப்போது. கை மறுத்துவிட்டது. பதினாலு மாசமாக ஒளித்துச் செய்த வேலை வெயிலில் வந்து நின்றது. முதல் தடவையாக அதை யாரும் அழிக்கப் போவதில்லை. அவள் சந்தோஷமாக இருந்தாள். அந்த ஆறு நிமிடமும் அவளுக்குக் கப்பலும் தெரியவில்லை, ஜன்னலும் தெரியவில்லை. கடைசி வணக்கம் வைத்த பிறகுதான் வேலியோரம் பையோடு நிற்பவன் ஞாபகம் வந்தது.

நாற்பது குதிரைகளில் நாலாவது.

ஒலிபெருக்கி அதைச் சொன்னபோது அவள் வெளி வாசலருகே குதிரைமேல்தான் இருந்தாள். முதல் ஆறு பேரும் ஏறிய நிலையிலேயே உள்ளே வந்து பரிசு நாடா வாங்கி ஒரு சுற்றுப் போக வேண்டும் என்பது முறை. கைதட்டலும் ஒலிபெருக்கியும் சேர்ந்து மாப்பிள்ளைக்கு மறுபடி தெம்பு ஊறிவிட்டிருந்தது. நின்ற இடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் துள்ளியது. டாக்டரம்மா அழுதுகொண்டே சிரித்தார். மாமா, கூப்பிட்டால் கேட்காத தூரத்தில், கொட்டகைப் பக்கம் இரண்டு புதுக் குதிரைக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். வாசல் பலகையின் புது வரியைத்தான் விளக்கிக்கொண்டிருப்பார்.

புருஷன் கிட்டே வந்தான். எட்டி நின்றே பேசினான்.

"நாளைக்கும் இருக்கா?"

"இருக்கு."

"கெடுத்துடறேன்னு சொன்னியே."

"கெடுக்கத்தாங்க போனேன். கை வரலை."

அவன் தலையாட்டினான். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பாத்தேன். உன் மூஞ்சியைத்தான் பாத்துட்டு இருந்தேன். இந்த மாதிரி ஒரு மூஞ்சி உனக்கு இருக்குன்னே எனக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமை என்கிட்ட வர்றவ வேற யாரோ."

"அப்படி இல்லைங்க. இருங்க, இறங்கி வரேன். நாளைக்கு வரமாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன். இருங்க."

கால் மிதிக்கும் அங்கவடியிலிருந்து காலை எடுத்தாள். மாப்பிள்ளை முன்னங்கால் இரண்டையும் தூக்கி ஒரு துள்ளு துள்ளியது. காலைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். சுற்றிலும் மக்கள், குழந்தைகள். விட்டுவிட்டு இறங்க முடியாது.

"டாக்டரம்மா, கொஞ்சம் கடிவாளத்தைப் பிடிங்க. ரெண்டு நிமிஷம்."

டாக்டரம்மாவின் கை பாதி தூரம் வந்தது. மாப்பிள்ளை மூக்கால் சீறியது. கை அங்கேயே நின்றுவிட்டது. இன்னொரு கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. முன்னெல்லாம் இல்லை. நீ சொன்ன அன்னையிலிருந்து இவன் பக்கத்துல நிக்கவே பயமா இருக்கு."

நாற்பது டன் பெட்டியை முட்டை மாதிரி தூக்கி வைக்கிற புருஷன் ஓரடி முன்னால் வந்தான். குதிரை அவன் பக்கம் பின்புறத்தைத் திருப்பியது. அவன் ஒதுங்கிக்கொண்டான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"பரவாயில்லை, நீ இரு. நான் ஆபீஸ்ல தனி ஆள்னு எழுதிக் கொடுத்துடறேன். தனி ஆளுக்கு ஒரு ரூம் உண்டு. அதுக்கு ஒரு கையெழுத்து போதும்."

"எழுதிடாதீங்க. காலையில வரைக்கும் பொறுங்க. நான் எப்படியாவது..."

"எத்தனை காலை மேஸ்திரி?"என்று கேட்டான். பையைத் தோளிலிருந்து இறக்கி, தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் நனையாத இடமாகப் பார்த்து வைத்தான். டாக்டரம்மாவுக்குக் கும்பிடு போட்டான். வாசல் பக்கம் நடந்தான்.

ஒலிபெருக்கி ஆறு எண்களையும் கூப்பிட்டது. முன்னால் நின்ற மூன்று குதிரைகள் மைதானத்துக்குள் போக ஆரம்பித்தன. மாப்பிள்ளை அவற்றின் பின்னால் கிளம்பியது, அவளைச் சுமந்துகொண்டு. நாடா குத்தினார்கள், கை குலுக்கினார்கள், ஒரு நடுவர் அவள் குதிரைமேல் உட்காரும் நேர்த்தியைப் பாராட்டினார். குதிரை மேலிருந்து பார்த்தால் மதிலுக்கு வெளியே சாலை நன்றாகத் தெரிந்தது. பஸ் நிறுத்தத்தில் அவன் நிழல் பார்த்து நின்றிருந்தான். மணி மூன்றே முக்கால்தான் ஆகியிருந்தது. இறங்கினால் இரண்டு நிமிட ஓட்டம். இசை தொடங்கியது, மாப்பிள்ளை பாய்ச்சலெடுத்தது, அவள் இரண்டு கையாலும் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றினாள்.